டாக்டருக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து!

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னியா, சாம்பாரா என்கிற முக்கியமான பிரச்னையில் நான் மூழ்கியிருந்த நேரம் பார்த்து, கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார்.

"ஏப்பா, ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும். கூட்டுறவு பேங்க்ல அஞ்சு லட்சம். உன் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் மூணு வருஷத்துக்குக் காப்பி எடுத்துட்டு வந்துரு."

"யாருக்கு சித்தப்பா கடன்?"

"நம்ம டாக்டருக்குத்தான்!"

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் டாக்டர் என்றால் ஒரே ஆள்தான், சித்தப்பா மகன். 2018-ல் அவனுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளிலிருந்து என் பி.காம். டிகிரியை வீட்டில் யாரும் மதித்ததில்லை. கல்யாண வீடுகளில் "இவன் டாக்டரோட அண்ணன்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு நான் ஜாமீனா!

"லண்டன் பரீட்சைல முதல் பார்ட்டை மெட்ராஸ்லயே பாஸ் பண்ணிட்டாம்ப்பா. ரெண்டாவது பார்ட்டை அங்க போய்த்தான் எழுதணுமாம்" என்றார் சித்தப்பா. குரலில் பாதி பெருமை, பாதி பயம்.

இது நடந்தது 2024 கடைசியில்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்குப் பார்ப்பது பி.காம். படித்தவனின் வியாதி. எந்த டாக்டரிடமும் அதற்கு மருந்து கிடையாது. முதல் வருஷ வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்த தர்மம் ஒன்று உண்டு. வராத லாபத்தைக் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்கி வை!

ஆகவே விசாரித்தேன். பையனை, அவன் சிநேகிதர்களை, போய் வந்தவர்களை, போனவர்கள் வராததால் தனியாக இருக்கும் பெற்றோர்களை... உங்கள் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ ஒரு எம்.பி.பி.எஸ். பையனோ பெண்ணோ இருந்தால் ஒரு நாள் உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரலாம். அதனால் படித்து வையுங்கள்.

இரண்டாம் வருஷமே விமானம்!

பையன் படித்து முடிப்பான், பிறகு யோசிப்பான், பிறகு போவான் என்றுதான் நாம் நினைக்கிறோம். தப்பு. உடம்பு போவது கடைசியில்தான். மனசு இரண்டாம் வருஷமே விமானம் ஏறிவிடுகிறது.

சித்தி கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவோடு ஒரு தடவை அவன் ஹாஸ்டலுக்குப் போயிருந்தேன். அந்த மாடியில் அறைகளுக்கு நம்பரே வேண்டாம். ஒரு அறைச் சுவரில் அமெரிக்க மேப். அடுத்த அறையில் லண்டன் பாலத்தின் படம். அதற்கடுத்த அறையில் கதவு சாத்தி மயான அமைதி. அது உள்ளூரிலேயே மேற்படிப்புக்கு முட்டுகிற கோஷ்டி. பாத்ரூமிலிருந்து யாரோ கரகரவென்று எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"ஜெர்மன் படிக்கிறாம்ணே. அங்க டாக்டராகணும்னா நோயாளிகிட்ட ஜெர்மன்லதான் பேசணும். அதுக்குத் தனியா மொழிப் பரீட்சை உண்டு" என்றான் தம்பி.

அவன் மேஜையில் தலையணை சைஸுக்கு ஒரு புத்தகம். அட்டையில் 'ஃபர்ஸ்ட் எய்ட்' என்று போட்டிருந்தது.

"ஏண்டா, முதலுதவியெல்லாம் ஸ்கூல்ல என்.சி.சி.யிலயே சொல்லித் தந்திருப்பாங்களே?"

என்னை ஒரு பரிதாபமான கேஸைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "அண்ணே, இது அமெரிக்கப் பரீட்சைக்கு பைபிள். யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் ஒன்னுக்கு முதல் ரெண்டு வருஷப் பாடம்தான் அதிகம் வரும். மறக்கறதுக்குள்ள எழுதிரணும்."

அப்போது அவன் அமெரிக்கா கோஷ்டி. செலவைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் லண்டன் கோஷ்டிக்கு மாறினான்.

டாலர் மட்டும் இல்லை, ஸார்!

'எல்லாம் காசு பண்ணுகிற ஆசை' என்று நம் ஆபீஸ் கேன்டீனில் தீர்ப்பு சொல்லிவிடுவோம். காசும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பையன் சொன்ன காரணம் வேறு.

"எனக்கு சீட்டுதாண்ணே வேணும்."

நாட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். மேற்படிப்புக்கான நீட்-பி.ஜி. தேர்வை இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எழுதுகிறார்கள். இருக்கிற இடம் அதைவிட ரொம்பக் குறைவு. அதிலும் எல்லாரும் கேட்கிற ரேடியாலஜி, தோல் மருத்துவம் எல்லாம் பண்டிகை நாள் ரயில் டிக்கெட் மாதிரி. தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேரலாம். அதற்குச் சித்தப்பா தாலுகா ஆபீஸையே விற்றாலும் பத்தாது.

'வெறும் எம்.பி.பி.எஸ்.'ஸாக இருந்தால் என்ன? இருந்து பார்த்தான். தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி டாக்டர், மாசம் நாற்பதாயிரம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து அரை மணி நேரம் சோதித்து மருந்து எழுதினால், நோயாளி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "சரி தம்பி... டாக்டர் எப்ப வருவாரு?" என்பாராம்.

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பயிற்சியிலேயே சம்பளம் உண்டு. வேலை நேரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அமெரிக்காவில் பயிற்சி டாக்டருக்கு வாரம் சராசரி 80 மணி நேரம் என்று 2003-லேயே வரம்பு கட்டிவிட்டார்கள். வாரம் 80 மணி நேரம் உழைக்கலாம் என்று சந்தோஷப்பட்டு ஓடுகிற ஒரே கூட்டம் டாக்டர்கள்தான்! இங்கே ஹவுஸ் சர்ஜனாக 36 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவனுக்கு அதுவே சலுகையாகத் தெரிகிறது.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். "அரசுக் கல்லூரியில வருஷம் இருபதாயிரத்துக்குள்ள ஃபீஸ் கட்டிப் படிச்சே. மிச்சத்தைக் கட்டினது நம்ம ஊர் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற அக்காக்களும்தானே?"

கோபப்படவில்லை. "நான் இருக்கத் தயார்ணே. அரசாங்க வேலைக்குப் பரீட்சை வச்சாங்க. இருக்கறது ரெண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் இடம். அதை மாதிரி பல மடங்கு பேர் எழுதுறோம். கிடைக்காதவங்க எங்க போறது?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தால் பி.காம். படித்தவன் என்ன செய்வான்? அடுத்த பக்கத்துக்குப் போவான்.

கிராமத்துக்குத் தப்பி... கிராமத்துக்கு!

அமெரிக்கா ரூட் நீளமானது. இரண்டு ஸ்டெப் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, அங்கே ஆஸ்பத்திரியில் சில மாதம் கூட நின்று பார்த்த அனுபவம், சிபாரிசுக் கடிதங்கள். ஒரு ஸ்டெப்புக்கே ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம். ஒரு தடவை பாஸாகிவிட்டால், மார்க் குறைவு என்று மறுபடி எழுதவும் முடியாது. முன்பெல்லாம் ஸ்டெப் ஒன்னில் மார்க் வாங்கிக் காட்டி ஜமாய்க்கலாம். 2022 ஜனவரியிலிருந்து அதில் பாஸ், ஃபெயில் மட்டும்தான்.

இத்தனையும் முடித்தால் 'மேட்ச்' என்ற சுயம்வரம். ஆஸ்பத்திரிகளும் டாக்டர்களும் ஒருவரையொருவர் வரிசைப்படுத்த, கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை எந்த ஊர் என்று தெரியும். வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத டாக்டர்களில் சமீப வருஷங்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில்தான் ஜோடி சேர்கிறார்கள். மீதி நாலு பேரும் அதே அளவு செலவழித்தவர்கள்தான்!

இடம் கிடைத்தவர்களில் பலர் போவது ஜே-1 விசாவில். அதற்கு ஒரு தமாஷான நிபந்தனை. 'பயிற்சி முடிந்ததும் திரும்பி வந்துவிடுவேன்' என்று நம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். சத்தியம் செய்துவிட்டுத்தான் எல்லாரும் விமானம் ஏறுகிறார்கள்! பயிற்சி முடிந்தபின் அங்கேயே வேலை செய்ய வேண்டுமென்றால், இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் டாக்டர் பஞ்சமுள்ள அமெரிக்கப் பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்து விலக்கு வாங்க வேண்டும். வட டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த ஏற்பாடு இது. 1994-ல் ஆரம்பித்தது. இப்போது ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு 30 டாக்டர்களை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

விளாத்திகுளம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டால் "அங்க டீக்கடைகூட இல்லையே" என்று முகம் சுளிக்கிற பையன், பனி கொட்டுகிற அமெரிக்கச் சிற்றூரில் மூன்று வருஷம் சமர்த்தாக இருக்கிறான். அங்கேயும் டீக்கடை இல்லை! சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரான டாக்டர் ஆபிரகாம் வர்கீஸ்கூட அமெரிக்காவில் பயிற்சியை ஆரம்பித்தது நியூயார்க்கில் இல்லை. டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டி என்ற சின்ன ஊரில்தான்.

திரும்பி வந்தவர்களும் உண்டு. டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் அமெரிக்காவில் பயிற்சி முடித்து வந்து 1978-ல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். டாக்டர் பிரதாப் ரெட்டி அமெரிக்காவிலிருந்து வந்து 1983-ல் சென்னையில் அப்போலோவைத் திறந்தார். எந்தப் பையன் எந்த ரகம் என்று விமானம் ஏறும்போது எழுதி ஒட்டியிருப்பதில்லை.

சித்தி நோயாளியான கதை

லண்டன் ரூட்டுக்கு 'ப்ளாப்' என்று பெயர். முதல் பார்ட் 180 கேள்வி, மூன்று மணி நேரம். இரண்டாவது பார்ட் நடப்பது மான்செஸ்டர் நகரில் மட்டும். கட்டணமே சுமார் ஆயிரம் பவுண்டு. விமானம், வாடகை, கோச்சிங் எல்லாம் தனி. 16 காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிஷம். நோயாளியாக நடிக்க ஆட்கள் இருப்பார்கள். வியாதியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஆறுதலாகப் பேசியாக வேண்டும்.

எட்டு நிமிஷத்தில் எட்டு நோயாளிகளை "நாக்கை நீட்டு, அடுத்து!" என்று பார்த்துப் பழகியவனுக்கு இதுதான் கண்டம். வீட்டில் சித்தியை நாற்காலியில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தான். முதலில் இங்கிலீஷ், பிறகு சித்திக்காகத் தமிழ்.

"உங்க முழங்கால் வலியைக் கேட்டு எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்மா..."

"ஏய்யா, உனக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார் சித்தி.

"நடிக்கிறேம்மா. நீ பதில் மட்டும் சொல்லு. இதுல உங்களுக்கு எது ரொம்பக் கவலையா இருக்கு?"

சித்தி யோசித்துவிட்டுச் சொன்னார். "நீ ஊரை விட்டுப் போறதுதான்யா."

அன்றைக்கு ஒத்திகை அதோடு முடிந்தது.

நான் கையெழுத்துப் போட்டேன். 2025 மார்ச்சில் விசிட்டர் விசாவில் போனான். பாஸ்! சித்தப்பா தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தார். பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் பெயரும் ஏறியது.

அதற்கப்புறம்தான் கதை ஆரம்பம்.

டிக்கெட் அல்ல, டோக்கன்!

பரீட்சை பாஸானால் வேலை என்று யாரும் அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவனாக நினைத்துக்கொண்டதுதான். கையில் இருந்தது டிக்கெட் இல்லை. வரிசையில் நிற்க ஒரு டோக்கன். ஒரு சாதாரண ஜூனியர் வேலைக்கு விளம்பரம் வந்தால், நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவிந்து, சில மணி நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறார்களாம். ராத்திரி பதினோரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து விண்ணப்பம் போட்டான்.

பிரிட்டன் கதவு திறந்து மூடுவது புதிதல்ல. 1975 வரை நம் எம்.பி.பி.எஸ்.ஸை அங்கே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பிறகு பரீட்சை வந்தது. 2006 ஏப்ரலில், வெளிநாட்டு டாக்டர்கள் வேலை அனுமதி இல்லாமலே பயிற்சி பெறலாம் என்றிருந்த சலுகையை ஒரேயடியாக நீக்கினார்கள். பரீட்சை பாஸான நம் ஆட்கள் கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் அறைக்குப் பல பேராக அடைந்துகொண்டு, கோயிலில் போட்ட சாப்பாட்டை நம்பி நாள் ஓட்டினார்கள். இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கமான 'பாபியோ' வழக்குப் போட்டு, 2008-ல் பிரபுக்கள் சபை வரை போய் ஜெயித்தது. அதற்குள் பல பேர் ஊர் திரும்பியிருந்தார்கள்.

2019-ல் கதவு மறுபடி அகலத் திறந்தது. நம் பையன் போய்ச் சேர்ந்த 2025-ல், ஜூலை மாதம் அரசாங்கம் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்தில் 'பயிற்சி இடங்களில் எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை' என்று அறிவித்துவிட்டது. அமெரிக்காவிலும் அதே வருஷம் மே, ஜூனில் டாக்டர்கள் வேலையில் சேரப்போகிற நேரத்தில் விசா நேர்காணலுக்குப் புதிதாகத் தேதி தருவதைச் சில வாரம் நிறுத்தினார்கள். செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள்.

அவரவர் நாடு, அவரவர் சட்டம். குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் இரண்டாம் வருஷத்தில் போட்ட திட்டம், ஏழாம் வருஷத்துச் சட்டத்தோடு மோதுகிறது. சீனியர் 2021-ல் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு, ஜூனியர் 2025-ல் கடன் வாங்குகிறான்.

அதிகாலை நாலு மணி

2025 ஜூன். கோவில்பட்டியில் அதிகாலை நாலு மணி. சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டுகிறது. சித்தி முதலில் கூப்பிட்டது மகனை. மான்செஸ்டரில் அப்போது ராத்திரி பதினொன்றரை.

அவன் உடனே கூப்பிட்டது தன் வகுப்புத் தோழியை. அதே அரசாங்கப் பரீட்சை எழுதி, இடம் கிடைத்து, எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த டாக்டர். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு நைட் டியூட்டி. ஆட்டோவில் சித்தப்பா போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிஷம் ஈ.சி.ஜி. படம் வாட்ஸப்பில் மான்செஸ்டருக்குப் போனது. இவன் பார்த்தான். ஹார்ட் அட்டாக்தான். இவன் டைப் அடிப்பதற்குள் அந்தப் பெண் மாத்திரையைக் கொடுத்து, ஊசியைப் போட்டு, 108-ல் திருநெல்வேலிக்கு அனுப்பியிருந்தது.

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். உடனே கிளம்பி வருகிறேன் என்ற மகனிடம், "வந்தா திரும்பிப் போக டிக்கெட்டுக்கு எவன் குடுப்பான்? அங்கனயே இரு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே சொல்லிவிட்டார்.

பிற்பாடு அவனிடம் கேட்டேன். "அன்னைக்கு என்னடா நினைச்சே?"

"அவ எல்லாத்தையும் கரெக்டா செஞ்சாண்ணே. நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "கூட அப்பா கையைப் பிடிச்சிக்கிட்டிருந்திருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

நாலு கேள்வி

செப்டம்பரில் விசாவின் ஆறு மாசம் முடிந்து திரும்பிவிட்டான். கையில் வேலை இல்லை. இப்போது எங்கள் ஊரிலேயே தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. லண்டன் பதிவேட்டில் பெயர் உயிரோடு இருக்க வருஷா வருஷம் பவுண்டில் கட்டணம் கட்டுகிறான். மாசம் பிறந்தால் தவணை கட்டிய ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறான். விண்ணப்பமும் போகிறது, பக்கத்தில் நீட்-பி.ஜி. புத்தகமும் திறந்திருக்கிறது.

போகாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆபீஸில் கூடுதலாக ஆயிரம் ரூபாய் தந்தால் கம்பெனி மாறுகிற நமக்கு அதைச் சொல்ல யோக்கியதை கிடையாது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்று: பாஸான பிறகு ஒரு வருஷம் வேலை கிடைக்காவிட்டால் சாப்பாட்டுக்கும் தவணைக்கும் என்ன வழி?

இரண்டு: நீ சொல்கிற விசா விதி இன்றைய விதியா, சீனியர் காலத்து விதியா?

மூன்று: எந்தத் தேதி வரை முயற்சி? அதற்குப் பிறகு இங்கே என்ன?

நாலு: ராத்திரி அப்பா அம்மாவுக்கு முடியவில்லை என்றால் யாருக்குப் போன் பண்ணுவது?

முதல் மூன்றை நான் கேட்டேன். நாலாவதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

போன வாரம் சித்தப்பாவிடம் பேசினேன். "டாக்டர் டியூட்டிக்குப் போயிருக்காம்ப்பா. லண்டன் ஆர்டர் இன்னும் வரலை."

"வந்தா அனுப்புவீங்களா சித்தப்பா?"

"அனுப்பாம பின்னே? அவன் பட்ட பாடு என்ன ஆகுறது?" கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்ணுப்பா. அந்த ஜி.ஹெச். டாக்டர் பொண்ணு நம்பரை எங்க ரெண்டு பேர் போன்லயும் ஏத்தி வச்சாச்சு. எதிர் வீட்டுக்காரர் போன்லயும் ஏத்தச் சொல்லியிருக்கேன்."

தாலுகா ஆபீஸில் ரிடையர் ஆன சித்தப்பா பி.காம். படித்ததில்லை. ஆனால் நஷ்டத்துக்கு ஒதுக்கி வைப்பது என்றால் என்னவென்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிகிறது!